எறியப்படாத பந்து

மனிதரை அவர்தம் செயல்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதில் எவரும் முரண்படுவதில்லை. ஆயின், செயலை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வினா எழுந்ததும் கருத்தொருமை குலைந்துவிடுகின்றது. செய்தவன் அவ்வேளையில் அறிந்திருந்தவற்றைக் கொண்டா, அன்றி அவன் அறிந்திருக்க இயலாத பிற்கால விளைவைக் கொண்டா? ஒழுக்கவியலார் நெடுங்காலமாக வாதிட்டுவரும் இவ்வினாவைப் போர், அரசியல், துறவு முதலாய பெருநிகழ்ச்சிகளை முன்வைத்து ஆராய்வதே பெருவழக்கு. யான் ஈண்டு எடுத்துக்கொள்வது மிகச் சிறிய நிகழ்ச்சியொன்றாகும். அது சில நிமிடங்களுக்குள் முடிந்துபோனது. அதனால் எவரும் மாண்டிலர், எவ்வரசும் கவிழ்ந்திலது. பெருநிகழ்ச்சிகளில் நம்முடைய விருப்பு வெறுப்புகள் புகுந்து தீர்ப்பைத் திரித்துவிடுகின்றன. இங்கு அவற்றுக்கு இடமில்லை என்பதே இந்நிகழ்ச்சியை யான் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம்.

ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி நம்மவர் அதிகம் அறியார். கிரிக்கெற் அறிந்தோருக்கு அதனை விளக்குவது கடினமன்று. நமது பந்துவீச்சாளரின் இடத்தில் அங்கு எறிஞர் நிற்கிறார். ஏறத்தாழப் பதினெட்டரை மீற்றர் தொலைவிலே நிற்கும் துடுப்பாளரை நோக்கி, சற்றே உயர்த்தப்பட்ட மண்மேடொன்றிலிருந்து அவர் பந்தை எறிவார். பந்து நிலத்திற் படாமல் நேரே செல்லும். முழங்கையை மடக்கி எறியலாகாது என்ற கட்டுப்பாடு அங்கில்லை. மடங்கிய முழங்கை ஒவ்வோர் எறியிலும் சவுக்குப்போல் விரிவதனால், அவ்வாட்டத்தில் எறிஞரின் முழங்கையே பிழைப்புக்கு ஆதாரமாகவும் பிழைப்பைக் கெடுப்பதாகவும் அமைந்துவிடுகின்றது. எறிஞர் களைத்தாலோ, தடுமாறினாலோ முகாமையாளர் அவரை விலக்கி வேறொருவரை அழைப்பார். விலக்கப்பட்டவர் அன்றைய ஆட்டத்துக்கு மீண்டும் வரமுடியாது. இவ்விதி நமது கதைக்கு இன்றியமையாதது.

லறி யவுண்ட் 1950 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி ரெக்ஸாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரிற் பிறந்தவர், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 1968 இல், பள்ளிப் படிப்பு முடிந்த அதே ஆண்டில், பிறந்த ஊரின் தொழில்முறை அணியான ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் அவரைத் தெரிந்தெடுத்தது. தெரிந்தெடுக்கப்பட்டவர் உடனே பெரிய மைதானத்தில் இறங்கிவிடுவதில்லை. ‘மேஜர் லீக்’ எனப்படும் உச்சநிலைக்குக் கீழே ‘மைனர் லீக்’ எனும் பல படிகள் உள்ளன. சிறு நகரங்களில், குறைந்த ஊதியத்தில், பேருந்துகளில் இரவிரவாகப் பயணஞ்செய்து ஆடும் வாழ்க்கை அது. அப்படிகளில் ஏறத் தொடங்குவோரிற் பெரும்பாலோர் உச்சியை ஒருநாளேனும் காணாமலே ஓய்ந்துவிடுகின்றனர். 1971 இல் மேஜர் லீக்கில் இருந்தவை 24 அணிகள் மாத்திரமே. பருவத்தின் பெரும்பகுதியில் ஓர் அணிக்கு 25 பேர். செப்ரெம்பர் மாதத்தில் மட்டும், இளைஞர் சிலரைப் பரிசோதித்துப் பார்க்கும் பொருட்டு, மேலும் சிலரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர்தாம் இருபத்தொரு வயது யவுண்ட்.

அழைப்பு வந்த சின்னாட்களில் சேமப்படைக் கடமைக்காக அவர் ஒரு வாரம் போகவேண்டியிருந்தது. அந்நாட்களில் அவர் பந்தைத் தொடவில்லை. திரும்பிவந்த பின்னர், 1971 செப்ரெம்பர் 15 அன்று, கூரை வேய்ந்த அஸ்ரோடோம் அரங்கில், ஹாங்க் ஆரன் என்னும் பெருவீரர் ஆடிய அற்லான்ரா பிறேவ்ஸ் அணிக்கெதிராக ஆட்டம் நடைபெற்றது. ஒன்பதாவதும் இறுதியானதுமான இன்னிங்ஸ் தொடங்கியபோது அஸ்ரோஸ் பின்தங்கியிருந்தது. இழப்பதற்கு அதிகம் இல்லாத அத்தகைய வேளைகளிலேதான் புதியவர்களுக்கு வாய்ப்பளிப்பது வழக்கம். மைதானத்தின் ஓரத்தே கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோதே யவுண்டின் முழங்கையில் வலி கண்டுவிட்டது. நடந்து சென்றால் தளர்ந்துவிடும் என எண்ணி, ஒலிபெருக்கியில் தம் பெயர் அறிவிக்கப்பட, எறிமேட்டுக்குச் சென்றார். ஆட்டம் மீளத் தொடங்குமுன் புதிய எறிஞர் சில ஒத்திகை எறிகளை எறிந்துகொள்ளலாம். அவற்றுள் இரண்டொன்றை எறிந்தார். வலி தணியவில்லை. தம்மால் இயலாது என்று தெரிவித்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினார். ஜிம் ரே என்பவர் அவரிடத்துக்கு வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

யவுண்ட் அதன்பின் மேஜர் லீக் ஆட்டமொன்றில் எறிந்ததேயில்லை. 1972 இலும் 1973 இலும் வசந்தகாலப் பயிற்சி முகாம்களில் முயன்றார், இடம் கிடைக்கவில்லை. 1974 இல் மில்வோக்கி அணிக்கு மாற்றப்பட்டார். அங்கும் மைனர் லீக்கைத் தாண்டவில்லை. இருபத்தைந்து வயதைக் கடந்த சிறிது காலத்துள் ஆட்டத்தை விட்டகன்றார்.

அறிவிக்கப்பட்டு எறிமேட்டுக்கு வந்த எறிஞர் ஆட்டத்தில் இறங்கியவராகவே கொள்ளப்படுவார் என்பது விதி. ஆகையால் யவுண்டின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. ஆடிய ஆட்டங்கள் 1. எறிந்த இன்னிங்ஸ் 0. எதிர்கொண்ட துடுப்பாளர் 0. ஓர் எறிஞரின் தரத்தைக் காட்டும் சராசரி, அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை எறிந்த இன்னிங்சுகளாற் பிரித்துப் பெறப்படுவது. பூச்சியத்தாற் பிரிக்க இயலாதாகையால் அவருக்குச் சராசரியே கிடையாது. நல்லவர் என்றும் சொல்லமுடியாது, தீயவர் என்றும் சொல்லமுடியாது! வாழ்நாள் முழுவதிலும் ஒரு துடுப்பாளரைத்தானும் எதிர்கொள்ளாது மேஜர் லீக் ஏட்டில் இடம்பெற்ற எறிஞர் அவர் ஒருவரே என்பர்.

இவரையொத்த பிறிதொருவர் அமெரிக்கரிடையே சற்றுப் புகழ்பெற்றவர். ஆர்ச்சிபோல்ட் கிரகாம் என்பவர் 1905 ஜூன் 29 அன்று நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்காக ஒரேயொரு ஆட்டத்தில் வலப்புறக் களத்தில் நின்றார். துடுப்பெடுத்தாடும் முறை வருமுன் ஆட்டம் முடிந்துவிட்டது. பின்னர் அவர் மின்னசோற்றா மாநிலத்துச் சிற்றூரொன்றில் மருத்துவராகிப் பல்லாண்டு பணிபுரிந்தார். அவருடைய கதையை 1982 இல் கின்செல்லா என்னும் எழுத்தாளர் நாவலொன்றிற் சேர்த்தார். 1989 இல் அது திரைப்படமாயிற்று. மருத்துவராய் உயர்ந்தார் என்ற நிறைவான முடிவு இருந்தமையாலேயே அக்கதை மக்களைக் கவர்ந்தது என்பது என் எண்ணம். யவுண்டின் கதையில் அத்தகைய ஆறுதல் எதுவும் எளிதாகக் கைக்கு அகப்படுவதில்லை. சிந்திப்பதற்கு அதுவே தகுந்தது எனலாம்.

இனி வினாவுக்கு வருவோம். யவுண்ட் அன்று இறங்கிச் சென்றது சரியா?

ஒரேயொரு பந்தையாவது எறிந்திருக்கலாமே என்பதுதான் கதையைக் கேட்போர் பலரும் முதலிற் சொல்வது. ஒரு பந்து, அதுவும் மெதுவாக. வலி சற்று மிகுந்திருக்கும், அவ்வளவுதான். ஏட்டில் பூச்சியம் இருந்த இடத்தில் வேறோர் எண் வந்திருக்கும். ஆனால், அப்பந்து யாருக்காக எறியப்பட்டிருக்கும் என்பதை நோக்க வேண்டும். அணிக்காக அன்று; வலிகொண்ட கையால் எறியப்படும் பந்தைத் துடுப்பாளர் எளிதில் விளாசிவிடுவார். எறிதற் கலைக்காகவும் அன்று. பிற்காலத்தில் தமக்கு வேறு வாய்ப்பு வரப்போவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவர், ஏட்டுக்காக மட்டுமே அதை எறிந்திருக்க முடியும். யவுண்ட் அதனை அறியார். இருபத்தொரு வயது, வலி சிறியது, நாளை அல்லது அடுத்த வாரம், தவறினால் அடுத்த ஆண்டு. அவர் அறிந்திருந்தவை இவை. இவற்றைக் கொண்டு எவர் தீர்மானித்தாலும் இறங்குவதே முறை என்றுதான் தீர்மானித்திருப்பார். அன்றியும், விளையாட்டு வீரர்கள் நோவை மறைத்துக்கொண்டு நின்று தமக்கும் அணிக்கும் கேடு சூழ்வது பெருவழக்கு. அவரோ முதல் வாய்ப்பின் முதற் கணத்திலேயே, இயலாது என்று வாய்திறந்து சொன்னார். அதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். மேட்டில் நிற்பதற்கு வேண்டிய துணிவிலும் அது குறைந்ததன்று.

ஆக, அவர் செய்தது சரி. ஆயினும் மனம் அமைதியடைய மறுக்கின்றது. சரியான தீர்மானமொன்று ஒரு மனிதனின் ஒரே வாய்ப்பை விழுங்கிவிட்டது என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாய் நிற்கின்றது. இந்த முள் எங்கிருந்து வருகின்றது?

1976 இல் ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ், அமெரிக்கரான தோமஸ் நேகல் ஆகிய இருவரும் அறமும் அதிட்டமும் பற்றிய ஆய்வுரைகளை எதிரெதிராக முன்வைத்தனர். குடும்பத்தைத் துறந்து ஓவியத்தை நாடிச் சென்ற கோகன் என்னும் ஓவியரை வில்லியம்ஸ் எடுத்துக்காட்டாகக் கொண்டார். கோகன் சிறந்த ஓவியராய் வெற்றிபெற்றால் அவர் தம் முடிவுக்கு ஒரு நியாயம் காட்ட இயலும். தோற்றால் அதுவும் இல்லை. எனவே நியாயமே பிற்கால விளைவைச் சார்ந்து நிற்கின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். யவுண்டின் நிலை கோகனின் நிலையைத் தலைகீழாக்கியது போன்றது. கோகன் கையிலிருந்த அனைத்தையும் பணயம் வைத்து நாளையை நோக்கிப் பாய்ந்தார். யவுண்ட் எதையும் பணயம் வைக்க மறுத்து, நாளைக்காகக் கையைக் காத்துக்கொண்டார். முன்னெச்சரிக்கை என நாம் போற்றும் குணம் பணயம் வைக்காத குணம் என்றே கருதி வந்திருக்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு பணயமே. முன்னெச்சரிக்கையுடையவன் இன்றைய பொழுதை நாளையிடம் கடனாகக் கொடுக்கின்றான். நாளை கடனைத் திருப்பித் தருமா என்பதற்கு எவரும் பிணை நிற்பதில்லை.

மற்றொன்றையும் கருத வேண்டும். 1973 இல் யவுண்ட் அணியில் இடம்பெற்றுப் பத்தாண்டுகள் எறிந்திருந்தால், அந்தச் செப்ரெம்பர் இரவு அவர் நண்பரோடு சொல்லிச் சிரிக்கும் வேடிக்கைக் கதையாகியிருக்கும். முதல் நாள் மேட்டுக்குப் போய்ப் பந்தெறியாமலே திரும்பினேன் என்று விருந்துகளிற் சொல்லியிருப்பார். நிகழ்ந்தது அணுவளவும் மாறியிராது. அதன் பொருள் முற்றாக மாறியிருக்கும். 1971 இல் நடந்த ஒன்றின் பொருளை 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளே எழுதின. அவ்வெழுத்தில் முழங்கைக்குப் பெரும் பங்கில்லை என்பது இன்னும் வியப்பானது. அன்றைய நோவு பெருங்காயமாக முற்றவில்லை. அதன்பின்னும் அவர் பல பருவங்கள் மைனர் லீக்கில் எறிந்தார். எறிந்தும் மீண்டும் மேலே அழைக்கப்படும் அளவுக்குத் திறன் கைகூடவில்லை. எனவே, அன்றிரவு இறங்கியதாற்றான் எல்லாம் போயிற்று என்று சொல்வதும் பொருந்தாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே காரணத் தொடர்பு இல்லாதவிடத்தும் கதைத் தொடர்பைக் கற்பித்துக்கொள்வது நம் மனத்தின் பழைய வழக்கம்.

கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், நன்மனம் எதையும் சாதிக்க முடியாதுபோனாலும் தன் மதிப்பிற் குன்றாது என்று நிலைநாட்ட முயன்றார். அறத்தைப் பொறுத்தவரை அது வலிய கருத்தே. ஆனால், யவுண்டை நோக்கி ‘உன் மனம் நல்லது’ என்று சொன்னால் அவருக்கு அதனால் என்ன பயன்? அவர் நல்லவராக இருக்க விரும்பி மேட்டுக்கு ஏறவில்லை. பந்தெறிய விரும்பி ஏறினார். அரிஸ்ரோட்டில் இவ்விடத்தில் உலகியலுக்கு அணுக்கமானவர். ஒலிம்பியப் போட்டியில் முடி சூட்டப்படுவோர் அழகரோ வலியவரோ அல்லர், களத்தில் இறங்கிப் போட்டியிடுவோரே என்று அவர் எழுதினார்; திறன் உள்ளே உறங்கியிருத்தலுக்கும் செயலாய் வெளிப்படுதலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அவ்வாறு காட்டினார். யவுண்ட் அவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றார். களத்தில் இறங்கினார், போட்டியிடவில்லை. ஏடு அவரைக் களத்தவர் என்கின்றது; அரிஸ்ரோட்டிலின் அளவுகோல் அவரைப் பார்வையாளரோடு அமர்த்திவிடும்.

நம்மவரிடம் இக்கதையைச் சொன்னால் ‘எல்லாம் ஊழ்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவர். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது உண்மை. ஆனால் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்; இரண்டையும் ஒன்றாற் பிறிதொன்றை வெட்டிவிடாது விட்டுவைத்தார். உரையாசிரியர்கள் இவற்றை இணக்குவதற்குப் பட்ட பாட்டை இங்கு விரிக்கத் தேவையில்லை. ஊழ் என்ற சொல் நிகழ்ந்ததை விளக்குவதற்கன்றி, நிகழ்ந்ததைப் பற்றிச் சிந்திப்பதை நிறுத்துவதற்கே நம்மிடையே பெரிதும் பயன்படுகின்றது என்பதை மாத்திரம் கூறி அப்பாற் செல்கின்றேன்.

நெஞ்சில் நிற்கும் முள்ளுக்குத் திரும்புவோம். வில்லியம்ஸ் காட்டிய மற்றோர் எடுத்துக்காட்டு இங்கு உதவுகின்றது. லொறியோட்டி ஒருவன், தன் பக்கம் எத்தவறும் இல்லாதிருக்க, குறுக்கே ஓடிவந்த குழந்தையை மோதிவிடுகின்றான். வீதியோரத்தில் நின்று கண்டவரும் வருந்துவர். ஆனால் அவன் வருத்தம் வேறு. ‘உன் பிழையன்று’ என்று பிறர் அவனைத் தேற்றுவது முறையே. அச்சொல்லைக் கேட்டு அவன் உடனே தேறிவிட்டானாயின் அவனைப் பற்றி நாம் ஐயுறுவோம். குற்றமில்லாதவிடத்தும் தன் செயலோடு ஒட்டிநிற்கும் துயர் ஒன்று உண்டு. தமிழில் கழிவிரக்கம் என்ற சொல் இதற்கு ஓரளவு பொருந்தும். குற்றவுணர்வையும் கழிவிரக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே நாம் இருவகைத் தவறு செய்கின்றோம். சரியாகச் செய்தவனைப் பார்த்து, வருந்துவதற்கு உனக்கு என்ன இருக்கிறது என்கிறோம். வருந்துகின்றவனைக் கண்டால் ஏதோ பிழை செய்திருக்கிறான் என்று எண்ணுகிறோம். சரியாகச் செய்து இழந்தவனுக்கு நம்மிடத்தில் இடமே இல்லாது போய்விடுகின்றது. அந்த முள் யவுண்டின் செயலிலிருந்த பிழையிலிருந்து வந்ததன்று. இழப்பு உண்மையானது, அதற்குப் பொறுப்பாளி எவருமில்லை என்பதிலிருந்து வந்தது. பொறுப்பாளி இல்லாத இழப்பை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை.

யவுண்டுக்கு இவ்விழப்பு வீட்டுக்குள்ளேயே ஓர் அளவுகோலைக் கொண்டிருந்தது. அவர் எறிமேட்டிலிருந்து இறங்கிய மறுநாள் அவர் தம்பி றொபினுக்குப் பதினாறு வயது நிறைந்தது. 1974 ஏப்பிரலில், பதினெட்டு வயதில், றொபின் யவுண்ட் மில்வோக்கி அணியில் ஆடத் தொடங்கினார். தமையன் அதே அணியின் கீழ்ப்படியில் நின்ற ஆண்டு அது. 1993 வரை இருபது பருவங்கள், 2,856 ஆட்டங்கள், 3,142 வெற்றியடிகள், 1982 இலும் 1989 இலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது, 1999 இல் புகழ்மண்டபத்தில் இடம். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் ஒருவருக்கு 2,856, மற்றவருக்கு 1. பழைய இதிகாசங்களாயின் இதிலிருந்து பெரும் பகை ஒன்று விளைந்திருக்கும். இங்கு விளைந்ததோ தம்பியின் ஒப்பந்த விடயங்களைத் தமையன் கவனித்துக்கொண்ட தொழிலுறவு. அணி உரிமையாளரோடு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து, தமக்குக் கிடைக்காத வாழ்வின் விலையைத் தம்பிக்காகப் பேசி வாங்கியவர் அவர். பின்னர் அரிசோனாவில் காணி, கட்டட அபிவிருத்தித் தொழிலில் ஈடுபட்டு வளம்பெற்றார். இதனை இழப்புக்கு ஈடு என்று யான் சொல்லமாட்டேன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாவதில்லை. ஆயினும் குற்றவுணர்வால் அரிக்கப்பட்ட ஒருவர் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறேன்.

இத்தீர்ப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியுண்டு. இன்று ஏதோவொரு மைதானத்தில் இருபத்தொரு வயது எறிஞன் ஒருவன் முதன்முறையாக மேட்டுக்கு ஏறுகின்றான். ஒத்திகை எறியின்போதே முழங்கையில் வலி. யவுண்டின் கதையை முழுதும் அறிந்த நாம் அருகில் நின்றால் அவனுக்கு என்ன சொல்வோம்? ‘எறி’ என்று சொல்லமாட்டோம். 1971 இல் ஓர் இளைஞன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதையே சொல்வோம்: இறங்கிவிடு தம்பி, கையைக் காப்பாற்றிக்கொள். ‘நாளைக்கு எறியலாம்’ என்ற சொற்கள் மட்டும் வாய்வரை வந்து சற்றுத் தயங்கி நிற்கும்.